முகம் வழிக்க இரண்டு பேர்

வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் மது. திருப்பதியில் அந்தக் கிளினிக் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேஷண்ட் கிடையாது என்று எங்களுக்குத் திறந்துவிட்டார். ஜவுளிக்கடை சுரேஷ் பாபு. லோகேஷ், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, தடாவில் ரூம். காலேஜில் பாடம் சொல்கிற ஒருவர், சந்திரகிரியிலிருந்து வந்தார், நெஞ்சுவரை தாடி. முகம் வழிக்கிறவர்கள் கூட்டத்தில் அவருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. முரளி, காட்பாடிக்காரர், சித்தூரில் என் வீட்டு மாடியில் குடியிருப்பவர், என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். கடைசியாக நான். என் சட்டைப் பையில் கத்தி.

கத்தி என்றால் பயப்பட வேண்டாம். சவரக் கத்தி. கைப்பிடிக்குள் மடங்குகிற பழைய மாதிரி.

முரளிக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, பிரஷால் நுரை கட்டி, கண்ணாடி முன்னால் நின்று நிதானமாக முகம் வழித்துக்கொள்வதில் ஆசை உள்ளவர்கள். கட்டின நுரையைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். முரளி முதல் தடவை காட்டியபோது நான் பாயசம் என்று நினைத்தேன். அவர்களுக்குள் ஒரு பழக்கம். தன்னிடம் இருக்கிற ஒரு பொருளை ஒருத்தர் சும்மா கொடுப்பார். வேண்டும் என்கிறவர்கள் பேர் கொடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு. அவர் பின்னொரு நாள் வேறு ஒன்றை வேறு ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும். காசு கிடையாது. எனக்கு அது பிடித்தது.

தண்ணி மோட்டார் விஷயமாக ஒரு நாள் முரளி கீழே வந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தோல் வாரைப் பார்த்துவிட்டார். கத்தி தீட்டுகிற வார் அது. "அங்கிள், கத்தி எங்க?" என்றார். பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையால் வாங்கினார்.

என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஓசூரில். அவளுக்கு இது வேண்டாம். சும்மா இருந்தால் கத்தி துரு பிடிக்கும். நானும் சும்மாதான் இருக்கிறேன். இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று கொடுக்க ஒத்துக்கொண்டேன்.

ஆனால் மனசுக்குள் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். முரளியிடம்கூடச் சொல்லவில்லை. வாங்குகிறவர் இந்தக் கத்தியால் இன்னொருத்தருக்கு வழித்துவிட வேண்டும். தனக்குத்தானே வழித்துக்கொள்ளக் கூடாது. யாரும் ஒப்பாவிட்டால் அதே பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சித்தூர் திரும்பிவிடுவது. அப்படித் தீர்மானித்துத்தான் போனேன்.

கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் வாசனை. சுரேஷ் பாபு தான் கொண்டுவந்த சோப்பு டப்பாவைத் திறந்து ஒவ்வொருத்தர் மூக்கிலும் நீட்டிக்கொண்டு வந்தார். என் மூக்குக்கு வந்தது. மாம்பழ வாசனை. ஏதோ வெளிநாட்டுக்காரன் போட்ட மாம்பழம். நிஜ மாம்பழம் அப்படி இருக்காது. எனக்குத் தெரியும். மாம்பழத்துக்குள்ளேயே இருந்தவன் நான்.

சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் பேக்டரியில் பாய்லர் பக்கம் வேலை. சீசன் வந்தால் ரோட்டில் லாரி வரிசை கண்ணுக்கு எட்டினவரைக்கும் நிற்கும். எல்லாம் தோத்தாபுரி மாம்பழம். வேகிற கூழின் வாசனை முதல் நாள் தித்திப்பாக இருக்கும். பத்தாம் நாள் சோறு இறங்காது. சட்டையைத் துவைத்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி முழங்கால் போடுவார்கள்.

அங்கே கேட்டில் ஒரு சட்டம். தின்கிற பொருள் செய்கிற இடம், அதனால் தாடி மீசை கூடாது. சொல்லிவிட்டு விட்டிருந்தால் பரவாயில்லை. சூப்பர்வைசர் ஒரு துண்டுப் பஞ்சு வைத்திருப்பார். காலையில் உள்ளே போகும்போது ஒவ்வொருத்தன் தாடையிலும் பஞ்சைத் தடவுவார். பஞ்சு ஒட்டினால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ. விடியற்காலை ஷிப்டுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? பிளேடு போட்டு இருட்டில் வழித்துக்கொண்டு போனால் எப்படியும் தாடைக்குக் கீழே நாலு மயிர் நிற்கும். பஞ்சு அதைக் கண்டுபிடித்துவிடும். வீட்டுக்குத் திரும்பி வரும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும் "பஞ்சு ஒட்டிச்சா?" என்று கேட்பார்கள்.

ரத்தினத்துக்கு என்னைவிட அதிகமாக ஒட்டும். கரடி மாதிரி தாடி. ஜீவரத்தினம் முழுப் பேர். ஒரே சபை, ஒரே குவார்ட்டர்ஸ் வரிசை, ஒரே பாய்லர். அவன் பேசுவான். நான் கேட்பேன். அதிகம் பேசுகிறவனுக்கும் பேசாதவனுக்கும் எப்படி சிநேகம் என்று கேட்பார்கள். வேறு எப்படி இருக்க முடியும்?

கத்தி எங்களுக்கு வந்தது அறுப்புப் பண்டிகை ஏலத்தில். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆராதனை முடிந்ததும் சபையார் கொண்டுவந்த காணிக்கைப் பொருளையெல்லாம் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கேக். அந்த வருஷம் ஒரு கம்பவுண்டரம்மா, கணவரை இழந்தவர், கணவருடைய சவரக் கத்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏலம் கூவின உபதேசியாருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. காலைப் பிடித்துத் தொங்கவிட்ட சேவலைப் போல் தூக்கிக் காட்டினார்.

எனக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. விரலைத் தூக்கினேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரத்தினத்தின் சத்தம் கேட்டது. ஏற்றிக் கேட்கிறான். என்னைப் பார்த்துவிட்டு வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தேன். மறுபடி தூக்கினேன். அவன் மறுபடி ஏற்றினான். நான் மறுபடி. வாழைத்தாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னை அவன் பார்க்கவே இல்லை. யாரோ பணக்காரர் எதிர்க்கிறார் என்று அவனுக்கு ரோஷம். உபதேசியார் "அந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று குஷியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மூணு தரம் சொல்லி என் விரலில் முடிந்தது. என் கையில் அவ்வளவு கிடையாது.

ரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நீயாடா?"

"நான்தான்."

"வாயத் தொறந்து கேட்டுட்டு இருந்தா நான் அப்பவே விட்டுட்டு இருப்பேனே. வெரலால பேசிக்கினு இருக்கியே, நீ இன்னா ஊமையா?"

ஆளுக்குப் பாதி போட்டு எடுத்தோம். சபைக்கு லாபம். சபைப் போதகர் ஐயர் எங்கள் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரத்தினம் முதலில் தானே வழித்துக்கொண்டான். காது மடலில் கீறிவிட்டது. அடுத்து நான். தாடையில் கீறல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பஞ்சு ஒட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனோம். சூப்பர்வைசர் தன் பஞ்சைப் பார்த்தார், எங்கள் பஞ்சைப் பார்த்தார், உள்ளே விட்டார்.

அப்புறம்தான் அந்த ஏற்பாடு. எனக்கு அவன், அவனுக்கு நான். அடுத்தவன் முகம் நன்றாகத் தெரிகிறது, தோலை இழுத்துப் பிடிக்கலாம், கை நடுங்காது. வரிசைக் குழாயடியில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து தலையை அவன் வயிற்றில் சாய்த்துக்கொள்ள வேண்டும். அவன் வயிறு பேசும்போது அதிரும். ரத்தினத்தின் அம்மாவுக்கு இது பிடிக்காது. "மொகம் வழிக்க ஊர்ல வேற ஆளே இல்லியா உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே சுடுதண்ணி கொண்டுவந்து வைப்பார்.

இதில் ஒரு விஷயம். கத்தி கழுத்தில் இருக்கும்போது உட்கார்ந்திருப்பவன் பேச முடியாது. வழிக்கிறவன் பேசலாம். ரத்தினம் எனக்கு வழிக்கிற நேரமெல்லாம் பேசுவான். லாரியில் வந்த மாடு கூழ்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்த கதை. பாடகர் குழுவில் யார் யாரை முறைத்தார்கள். தான் எதிர்காலத்தில் வாங்கப் போகிற நிலம், அதில் வைக்கப் போகிற மரம். அப்புறம் இடம் மாறும். அவன் உட்காருவான், நான் வழிப்பேன். அவன் பேச முடியாது. நான் பேச மாட்டேன். குழாயடியில் கத்தி இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்கும். முடிந்து எழுந்திருக்கும்போது துண்டால் துடைத்துக்கொண்டே சொல்வான்: "உங்கிட்ட வழிச்சிக்கறதுக்கு கல்லறைத் தோட்டத்துல படுத்துக்கலாம்டா."

முக்கியமான சேதி எல்லாவற்றையும் அவன் அந்த நேரத்தில்தான் சொல்வான். நான் குறுக்கே பேச முடியாது என்பதால் இருக்கும். "எஸ்தரைக் கட்டிக்கப் போறேன். அசையாத." அப்படித்தான் எனக்குக் கல்யாணச் சேதி வந்தது. சந்தோஷத்தில் அசைந்தேன். சின்னக் கீறல்.

சீசன் வேலையில் குடும்பம் நடக்காது என்று கல்யாணத்துக்கு அப்புறம் ரத்தினம் திருப்பதிக்குப் போனான். ஒரு லாட்ஜில் வேலை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து சித்தூர் வந்துவிடுவான். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முகம் வழிக்க வேண்டும். எஸ்தர் சிரிப்பாள். "ஊர் ஒலகமே மொட்டை போட திருப்பதிக்கு போவுது. இவரு மொகம் வழிக்க அங்கருந்து சித்தூருக்கு வர்றாரு பாரு." அவனுக்கு அது ஒன்றும் உறைக்காது. ஒரு வாரம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் என் தாடையில் இறக்கிவிட்டுப் போவான்.

இப்படியே வருஷங்கள் போயின. எண்ணி வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வந்தான். நுரை போட்டான். வழக்கம் போல மாடு, லாட்ஜு, ஐயர் என்று போய்க்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே வந்ததும் நின்றான்.

"வயித்துல இன்னமோ இருக்குதாம்டா. வேலூர்ல பார்த்து சொல்ட்டாங்க. அசையாத."

நான் அசையவில்லை. அவன் வழித்து முடித்தான். படிகாரம் தடவிவிட்டான். அன்றைக்கு என் முறை வந்து அவனை உட்கார வைத்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. தாடி நரைத்திருப்பதைப் பார்த்தேன். வழித்துவிட்டேன்.

ரத்தினத்தைச் சவப்பெட்டியில் வைக்கும் நாளில் எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்களே பண்ணிடுங்க. வேற யாரும் வேணாம்." கதவைச் சாத்திக்கொண்டு வழித்தேன். வழிக்கிறவன் பேச வேண்டும். அதுதான் எங்கள் பழக்கம். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கழுத்துக்கு வந்தபோது பழக்கத்தில் வாய் "அசையாத" என்றது. கதவுக்கு வெளியே எஸ்தர் கேட்டிருப்பாள் போல. அவள் அழுதது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு நான் பிளாஸ்டிக் ரேசருக்கு மாறிவிட்டேன். கத்தியை வாரத்துக்கு ஒரு தரம் வாரில் இழுத்து, எண்ணெய் போட்டு, மடித்து வைப்பேன். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

கிளினிக்கில் கத்தியை எடுத்து வைத்ததும் எல்லாரும் குனிந்துவிட்டார்கள். போன் லைட் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். எந்த ஊரில் செய்தது என்று தகராறு. பேர் இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது. சுரேஷ் பாபு ஜெர்மனி என்றார். முரளி இங்கிலாந்து என்றார். லோகேஷ் முன்கை மயிரில் வைத்துப் பார்த்து, "அப்பா!" என்று கையை இழுத்துக்கொண்டான்.

"அங்கிள், இத்தனை வருஷமா இதுலதான் பண்ணிக்கினீங்களா? எந்தக் கோணத்துல வைப்பீங்க?" என்று கேட்டான்.

"நான் என்னைப் பண்ணிக்கினது ஒரே தரம். காயம்."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் நிபந்தனையைச் சொன்னேன். ரத்தினத்தைப் பற்றியும் சொன்னேன். இங்கே உங்களுக்குச் சொன்ன அளவுக்கு இல்லை. ஒருத்தன் இருந்தான், எனக்கு அவன் வழிப்பான், அவனுக்கு நான், வழிக்கிறவன் பேசுவான். அவ்வளவுதான்.

லோகேஷ்தான் முதலில் பேரைத் திருப்பி எடுத்தான். "ரூம்ல நாங்க அஞ்சு பேர் இருக்கோம் அங்கிள். ஒருத்தன்கூட எங்கிட்ட கழுத்தைக் குடுக்க மாட்டான். நான் சமைச்சதையே துன்ன மாட்டானுங்க." சுரேஷ் பாபு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று இருந்தாராம். தயங்கி, "எனக்கு வேணாம், பயம்" என்றார். முரளி தலையைக் குனிந்துகொண்டார். தனியாக இருக்கிறவர், யாருக்கு வழிப்பார்? தாடிக்காரர் சிரித்தார். மகளுக்கு உடம்பு தேறினால் தாடியைத் திருமலையில் இறக்குவதாக வேண்டுதலாம். அந்த நாள் வருவதற்காக சோப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறாராம். "நான் இப்போ கத்தி தொடக் கூடாது சார்" என்றார். அவரைப் பற்றி முன்னால் அப்படி நினைத்ததற்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் கத்தியை மடித்தேன். துணியில் சுற்றினேன். பஸ் நேரம் நினைவுக்கு வந்தது.

"இருங்க அங்கிள்," என்றார் டாக்டர் மது. தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "என் வேலையே அதானே. பேஷண்ட் வாயத் தொறந்துக்கினு படுத்திருப்பான். பேச முடியாது. நான்தான் பேசணும். கிரிக்கெட், சினிமா, ஏதோ ஒண்ணு."

அவர் அப்பா வீட்டில் படுக்கையில் இருக்கிறாராம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நர்ஸ் மெஷினால் முகத்தைச் சுத்தம் பண்ணிவிட்டுப் போகிறாள்.

"நான் பண்றேன் நைனாவுக்கு. பண்ணலாம். ஆனா அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமே தெரியாது அங்கிள். நல்லா இருந்தப்பவே நாங்க பேசினது கிடையாது. ஏம் செப்பாலோ தெலீது, என்ன சொல்றதுன்னே தெரியல."

"எனக்கும் தெரியாது," என்றேன்.

"அப்போ ஒரு தரம் காட்டுங்க. பார்த்துக்கறேன்."

பல் டாக்டர் நாற்காலியில் முரளியை உட்கார வைத்தார்கள். டாக்டர் காலால் பெடலை மிதித்ததும் முரளி படுத்த நிலைக்கு வந்துவிட்டார். அந்த விளக்கை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார்கள். இவ்வளவு வெளிச்சத்தில் நான் எவனுக்கும் வழித்ததில்லை. தலையைச் சாய்க்க என் வயிறு தேவைப்படவில்லை. சுரேஷ் பாபுவின் மாம்பழ சோப்பில் நுரை கட்டினார்கள். கத்தியைத் திறந்தேன். கன்னத்தில் விரல் வைத்துத் தோலை இழுத்தேன். இளம் தோல். சூடாக இருந்தது. இன்னொரு மனுஷனின் முகத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் இழுப்பு நன்றாக வந்தது. முரளியின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பயம்.

"பேசுங்க அங்கிள்," என்றார் டாக்டர் மெதுவாக. "வழிக்கிறவர்தானே பேசணும்?"

கையை எடுத்துக் கத்தியைத் துணியில் துடைத்தேன். பிறகு மறுபடி வைத்தேன். "ஒரு மாடு," என்றேன். "லாரியில ஒரு மாடு வந்திச்சி. மாங்கா மேல நின்னுக்கினு."

அதற்கு அப்புறம் நிற்கவில்லை. மாடு கூழ்த் தொட்டியை எட்டிப் பார்த்தது, சூப்பர்வைசர் அதன் தாடையில் பஞ்சு வைக்கப் போனது என்று போயிற்று. அந்தக் கடைசிப் பகுதி நடக்கவே இல்லை. அந்த நிமிஷம் என் வாயில் வந்தது. லோகேஷ் சிரித்தான். "ஏய் லோகேஷ், அவரை சிரிக்க வெக்காத, முரளி கழுத்து போயிரும்," என்றார் தாடிக்காரர். முரளி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணில் தண்ணி விட்டார். டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கு வந்தேன். கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. எங்கேயும் கீறல் இல்லை.

துடைத்து, மடித்து, டாக்டர் கையில் கொடுத்தேன். சுருட்டிக் கொண்டுவந்திருந்த வாரையும் கொடுத்தேன். எல்லாருக்கும் டீ வந்தது.

முரளிக்குத் திருப்பதியில் வேறு வேலை இருந்தது. நான் மட்டும் பஸ்ஸில் திரும்பினேன். சித்தூருக்கு முன்னால் பேக்டரி இருந்த இடம் வரும். இப்போது மனைக்கல் நட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை, குழாயடி இல்லை. எஸ்தர் பிள்ளைகளோடு எங்கேயோ போய்விட்டாள். கோயிலில் அறுப்புப் பண்டிகை இருக்கிறது, ஏலம் இல்லை. கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை.

ரத்தினத்தின் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்போது எங்களிடம் அதற்கெல்லாம் ஒன்றும் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு சீசனிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் என் காதுக்குப் பக்கத்தில் பேசியதெல்லாம் கேட்ட ஆள் நான் ஒருத்தன்தான். என்னிடமும் மாடுதான் மிச்சம். மரம் வைக்கப் போகிற நிலம் எந்தப் பக்கம் என்று சொன்னான். அது மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. முரளி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். லோகேஷ் எடுத்ததாம். எனக்குத் தெரியாது. படம் ஓடவிடவில்லை. நாற்காலி, விளக்கு, முரளியின் வெள்ளைத் தாடை, அதன் மேல் குனிந்து வாயைத் திறந்துகொண்டிருக்கிற ஒரு கிழவன். கீழே மூலையில் எவ்வளவு நேரம் பேசினேன் என்று போட்டிருக்கிறது.

பதினோரு நிமிஷம்.